அந்தமானுக்குப் போன நெகடிவ் ரிப்போர்ட்

திருப்பதி அரசு ஆஸ்பத்திரியில் கொரோனா வார்டில் பதினேழு நாள் படுத்திருந்தவர் என் பெரியப்பா மகன். அந்த நோயை அவருக்குக் கொடுத்தவன் நான். மூச்சு முட்டியது அவருக்கு, உட்கார்ந்து எழுதுகிறவன் நான். இந்த அநியாயத்தையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. அவரிடம் எழுதச் சொன்னால், "அத்தயெல்லாம் இன்னாத்துக்குடா எழுதிக்கினு?" என்று தோப்புப் பக்கம் போய்விடுவார்.

முதலில் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தாத்தா பெயரை மூத்த பேரனுக்கு வைப்பது எங்கள் பக்கத்தில் உண்டு. தாத்தாவுக்கு இரண்டு மகன்கள். பெரியப்பா தன் மூத்த மகனுக்கு முனிரத்தினம் என்று வைத்தார். என் நைனா சும்மா இருப்பாரா? "எனக்கும் அவருதானே அப்பன்" என்று சண்டை போட்டு, இரண்டு வருடம் கழித்துப் பிறந்த எனக்கும் முனிரத்தினம் என்றே வைத்தார். ஆந்திராவில் குடும்பப் பெயர் முன்னால் வரும். அதுவும் எங்களுக்கு ஒன்றுதான். ஆகப் பள்ளிக்கூடப் பதிவேட்டிலிருந்து ஆதார் வரை இரண்டு பேருக்கும் எழுத்துப் பிசகாமல் ஒரே பெயர். வீட்டில் அவர் பெரியவன், நான் சின்னவன். அவருக்குப் புத்தலப்பட்டு பக்கம் மாந்தோப்பு. நான் சித்தூரில் ஆன்லைன் சென்டர் வைத்திருக்கிறேன். ரேஷன் கார்டு, நிலப் பத்திரம், ரயில் டிக்கெட் என்று எந்த விண்ணப்பமானாலும் பிழையில்லாமல் நிரப்பிக் கொடுப்பேன் என்று ஊரில் எனக்கு நல்ல பெயர்.

கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் என் மனைவி சுகுணாவை நான் அழைத்துப்போன தூர தேசம் திருவண்ணாமலை. முதல் அலை ஓய்ந்து, கொரோனா போய்விட்டது என்று எல்லாரும் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கியிருந்த சமயம் அது. விமான டிக்கெட் விலை இறங்கியதைப் பார்த்ததும் அந்தமானுக்குப் போட்டுவிட்டேன். எங்கள் மகள் ஹரிணிக்குப் பத்து வயது. கண்ணாடி அடித்தளம் போட்ட படகில் உட்கார்ந்து காலுக்குக் கீழே மீன் பார்க்கலாம் என்று எதிலோ பார்த்துவிட்டு, தினமும் அதே பேச்சு.

தீவுக்குள் நுழைய ஒரு விதி இருந்தது. விமானம் ஏறுவதற்கு முந்தைய நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் ஆர்டிபிசிஆர் பரிசோதனை எடுத்து நெகடிவ் ரிப்போர்ட் காட்ட வேண்டும். மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சு சுற்றிய குச்சியை விட்டுச் சளி எடுத்து, அதில் கிருமி இருக்கிறதா என்று மெஷினில் பார்ப்பார்கள். அவ்வளவுதான். தீவில் இருக்கிறவர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் கடல் தாண்டி வர வேண்டும், அதனால்தான் அந்த விதி. இதையெல்லாம் எனக்கு நானே அப்போது சொல்லிக்கொள்ளவில்லை. எனக்கு அது இன்னொரு விண்ணப்பம், இன்னொரு இணைப்பு.

வியாழக்கிழமை விமானம். ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தொண்டை கரகரத்தது. திங்களன்று உடம்பு வலி, லேசான காய்ச்சல். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டு மாத்திரை போட்டுக்கொண்டேன். செவ்வாய் காலை சுகுணாவும் ஹரிணியும் போய்ச் சளி கொடுத்துவிட்டு வந்தார்கள். கடையில் கூட்டம், பிறகு கொடுக்கிறேன் என்று நான் பின்தங்கினேன். பிறகு அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"ணா, ஒரு சின்ன வேலை. என் பேர்ல நீ வந்து மூக்குல குச்சி விட்டுக்கணும்."

"டேய், பொய் சொல்ற வேலையெல்லாம் எனக்கு ஆவாதுடா."

"பொய்யே சொல்ல வேணாம் ணா. பேரு கேட்டா முனிரத்தினம்னு சொல்லு. உன் பேரு அதானே?"

அண்ணன் சிரித்துவிட்டார். "ஆமா இல்ல? சித்தப்பா நல்ல வேலதான் பண்ணி வெச்சிருக்காரு. சரி, உனக்கு இன்னா ஒடம்புக்கு?"

"சைனஸ் ணா. மெஷினு அதக் கொரோனான்னு காட்டிட்டா டிக்கெட்டு எல்லாம் போச்சு. புள்ள அழுவும்."

பிள்ளை அழும் என்றது போதுமாக இருந்தது அவருக்கு. மருந்தடிக்கிற வேலையைப் பாதியில் விட்டுவிட்டு பஸ் பிடித்து வந்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து என் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, என் தோளுக்கு மேல் முகத்தை வைத்துக்கொண்டு, பிஞ்சு பிடித்ததிலிருந்து மண்டிக்காரன் பேசும் விலை வரை காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தார். நான் இருமிக்கொண்டே ஓட்டினேன்.

சளி எடுத்த இடத்தில் நீல அங்கி போட்ட பெண் என் ஆதார் ஜெராக்ஸை வாங்கிப் பெயரை மட்டும் பார்த்தாள். போட்டோவைப் பார்த்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. என் கடை மெஷினில் ஜெராக்ஸ் எடுத்தால் யாராயிருந்தாலும் கரிக்கட்டைதான். "முனிரத்தினமா?" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்றார் அண்ணன், கம்பீரமாக. மூக்கில் குச்சி ஏறியதும் கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. வெளியே வந்து அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

டீக்கடைக்குப் போனோம். எனக்கு டீ ருசிக்கவில்லை. வாய் வைத்த டம்ளரிலிருந்து பாதியை அவர் டம்ளரில் ஊற்றினேன். சின்ன வயதிலிருந்து அப்படித்தான், ஒரே தட்டில் தின்று வளர்ந்தவர்கள். அவர் யோசிக்கவே இல்லை, குடித்தார். அந்த டீயை நான் இன்றுவரை மறக்கவில்லை.

மறுநாள் எங்கள் மூன்று பேர் ரிப்போர்ட்டும் வந்தது. நெகடிவ். என் பெயரில் வந்ததை அவருக்கும் அனுப்பி வைத்தேன்: "ணா, உனக்கு ஒண்ணும் இல்ல, நூறு வயசு." அதுவும் பொய்யில்லை. குச்சி விட்ட அந்த நிமிடம் அவர் மூக்கில் ஒன்றும் இல்லைதான். அந்த ரிப்போர்ட் அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும்தான் சாட்சி, அதற்குப் பிறகு குடித்த டீக்கு இல்லை. இந்தச் சின்ன விஷயம் எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

சென்னை விமான நிலையத்தில் நெற்றியில் துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்துச் சூடு பார்க்கிறார்கள் என்று தெரிந்து, முன்கூட்டியே மாத்திரை போட்டுக்கொண்டேன். விமானத்தில் என் பக்கத்தில் ஒரு பெரியவர். நான் இருமலை அடக்கத் தவிப்பதைப் பார்த்து, பையைத் துழாவி ஒரு புதினா மிட்டாய் கொடுத்தார். மகன் வீட்டுக்குப் போகிறேன், பேரன் பிறந்திருக்கிறான் என்றார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அவருக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள எனக்கு இனி வழியே கிடையாது.

தீவில் நான்காம் நாள் மதியம் ஓட்டலில் மீன் வறுவல் வைத்தார்கள். சுகுணா வாசனையிலேயே பாதி சாப்பிட்டவள் மாதிரி கண்ணை மூடினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சோப்பை முகர்ந்தேன், தைலத்தை மூக்கில் வைத்து அழுத்தினேன். எரிந்தது, வாசனை இல்லை. வாசனை போவது என்ன அடையாளம் என்று அப்போது ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஏசி என்று சொல்லி ரூமுக்குள்ளும் முகக்கவசம் போட்டுக்கொண்டேன். சொன்னால் அங்கேயே பிடித்து வைப்பார்கள், கேஸ் போடுவார்கள், சித்தூரில் கடைக்கு எவன் வருவான்? இப்படி எல்லாவற்றையும் நினைத்தேன். பைக்கில் என் பின்னால் உட்கார்ந்து வந்தவரை மட்டும் நினைக்கவில்லை.

செவ்வாய் மாலை தனம் அண்ணி போன் செய்தார், அண்ணனின் மனைவி.

"தம்பி, உங்க அண்ணனுக்கு நாலு நாளா ஜொரம் வுட மாட்டேங்குது. ரெண்டு இட்லி வெச்சா கூட துன்ன மாட்டேன்றாரு. இங்க டாக்டரு டைபாய்டுன்னு ஊசி போட்டுக்கினு கீறாரு."

"கொரோனா டெஸ்ட் எடுத்தீங்களா அண்ணி?"

"அதான் போன வாரம் நீங்களே கூட்டிக்கினு போயி எடுத்துக் குடுத்தீங்களே! போன்ல கீற ரிப்போர்ட்ட டாக்டருக்குக் காட்டினோம். அப்ப அது இல்லன்னுட்டாரு."

எனக்குப் பதிலாகச் சளி கொடுத்தேன் என்று அண்ணன் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. தம்பி அக்கறையாக அழைத்துப்போய் டெஸ்ட் எடுத்துக் கொடுத்தான் என்று அண்ணி நினைத்துக்கொண்டிருந்தார். ரிப்போர்ட்டில் வயது இரண்டு குறைவாக இருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. பெயர் சரியாக இருந்தது, போதாதா?

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்திருக்கிறது அண்ணி, என்னிடமிருந்துதான் அவருக்கு, உடனே திருப்பதிக்குப் போங்கள் என்று. நான்கு வார்த்தை. மறுநாள் காலை கண்ணாடிப் படகுக்கு டிக்கெட் எடுத்திருந்தது. ஹரிணி போட்டுக்கொள்ளும் சட்டையை எடுத்துக் கட்டில்மேல் மடித்து வைத்திருந்தாள். "டாக்டர் சொல்றபடி கேளுங்க அண்ணி, நாளைக்குப் பேசறேன்" என்று வைத்துவிட்டேன்.

புதன்கிழமை படகில் போனோம். மாலை கரைக்கு வந்ததும் நானே போன் செய்தேன். அண்ணன் இருமுகிற சத்தம் தூரத்தில் கேட்டது. நாய் குரைக்கிற மாதிரி வறட்டு இருமல். "அண்ணி, ரிப்போர்ட் சில சமயம் தப்பா வரும். காலைல மொத வேலையா திருப்பதிக்குக் கூட்டிக்கினு போங்க" என்றேன். அப்போதும் உண்மையில் பாதியைத்தான் சொன்னேன்.

வியாழன் காலை அங்கே போனதும் விரலில் ஆக்சிமீட்டர் மாட்டினார்கள். துணி காயப்போடும் கிளிப் மாதிரி இருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும். ஆரோக்கியமானவருக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டும். அவருக்கு எண்பத்திரண்டு. நடந்துதான் உள்ளே போனாராம், வாசலில் மண்டிக்காரனோடு போனில் பேசிக்கொண்டு. இந்த நோயின் துரோகம் அது. மூச்சு குறைவது ஆளுக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை ஊர் திரும்பி, சனிக்கிழமை காலை நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். இரண்டு நாளாக வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்த அண்ணியை, பிள்ளைகளைப் பாருங்கள் என்று வீட்டுக்கு அனுப்பினேன். என் காலில் விழாத குறை. "கூடப் பொறந்தவன் கூட இப்பிடி வர மாட்டான் தம்பி. எல்லாரும் பயந்துக்கினு கிட்டவே வரல" என்று அழுதார். பயப்பட எனக்கு என்ன இருந்தது? எனக்கு வந்து போய்விட்டதே. அதை அவர் தைரியம் என்று எடுத்துக்கொண்டார்.

அதற்குள் இரண்டாம் அலை முழுதாக எழுந்துவிட்டது. வராந்தா வரை கட்டில். நர்ஸுகள் போதவில்லை, அதனால் நோயாளிக்கு ஒருவரை அங்கி போட்டு உள்ளே விட்டார்கள். அண்ணனுக்குப் பை தொங்குகிற முகமூடி, அதில் ஆக்சிஜன். நெஞ்சை சிடி ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று இருபத்தைந்துக்கு மார்க் போடுவார்கள், அதிகம் வாங்கினால் ஆபத்து. அவர் பதினேழு. படிப்பில் ஒரு நாளும் இவ்வளவு வாங்காதவர்.

"போர்லா படுக்கோமனி செப்பண்டி" என்று நர்ஸம்மா போகிறபோதெல்லாம் சொல்லிவிட்டுப் போவார். குப்புறப் படுக்கச் சொல்லுங்கள் என்று அர்த்தம். குப்புறப் படுத்தால் முதுகுப் பக்க நுரையீரல் விரிந்து ஆக்சிஜன் ஏறும். தலையணை மூன்றை அடியில் வைத்து அவரைத் திருப்புவது என் வேலை. எலும்பு தட்டும் உடம்பு, நெருப்பாகக் கொதிக்கும். திருப்பிவிட்டு ஆக்சிமீட்டரையே பார்த்துக்கொண்டு நிற்பேன். எண்பத்தாறு, எண்பத்தேழு, மறுபடி எண்பத்தைந்து. அந்த எண் ஒன்று இறங்கினால் நான் செத்துப் பிழைப்பேன்.

வார்டு டாக்டர் சின்னப் பெண், தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிற குப்பம் ஊர்க்காரர், எங்களிடம் தமிழில் பேசுவார். மூன்றாம் நாள் கேஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் நின்றார்.

"போன வாரம்தான் நெகடிவ் வந்திருக்கு. அப்புறம் யாருகிட்ட இருந்து வந்துச்சு? வீட்ல, பக்கத்துல யாருக்காவது இருமல், சளி இருந்துச்சா?"

நான் வாயைத் திறந்தேன். அண்ணன் முகமூடியைக் கொஞ்சம் தூக்கினார். "தெரில மேடம். மாங்கா மண்டிக்குப் போனேன். அங்கதான்." சொல்லும்போது அவர் பார்வை டாக்டர் மேல் இல்லை, என்மேல் இருந்தது. டாக்டர் மண்டி என்று எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அண்ணன் மண்டிக்குப் போய் இருபது நாளாகியிருந்தது. எனக்குத் தெரியும், காயே இன்னும் முற்றவில்லை.

டாக்டர் நகர்ந்ததும், "ணா, அன்னிக்கு எனக்கு..." என்று ஆரம்பித்தேன். கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். பேசினால் மூச்சு வாங்குகிறது என்கிறாரா, பேசாதே என்கிறாரா, தெரியவில்லை. எனக்கு வசதியானதை எடுத்துக்கொண்டேன்.

ஆறாம் நாள் எழுபத்தெட்டுக்கு இறங்கியது. வென்டிலேட்டர் வைக்க வேண்டி வரலாம் என்றார்கள். தொண்டைக்குள் குழாயை இறக்கி மெஷினே மூச்சு விட வைப்பது அது. அந்த வார்டில் அதற்குப் போனவர்கள் திரும்பி வந்ததை நான் அதுவரை பார்க்கவில்லை. சம்மதப் பத்திரத்தை நீட்டினார்கள். வாழ்நாளெல்லாம் விண்ணப்பம் நிரப்பியவன், ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

நோயாளி பெயரை எழுதக் கூடாது, உங்கள் பெயரை எழுதுங்கள் என்று நர்ஸம்மா அதட்டினார். "பேஷன்ட் பேரு காது, மீ பேரு ராயண்டி."

"என் பேரும் அதேதாம்மா."

நம்பாமல் ஆதாரைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்து, என்னை வெளியே உட்காரச் சொன்னார். படிக்கட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். போகிற வருகிறவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே அழுவது அவ்வளவு சாதாரணம்.

வென்டிலேட்டர் தேவைப்படவில்லை. ஸ்டீராய்டு ஊசியோ, குப்புறப் படுத்ததோ, அண்ணி வேண்டிக்கொண்டதோ, எட்டாம் நாளிலிருந்து எண் ஏறத் தொடங்கியது. பதினோராம் நாள் ரசம் சாதம் கேட்டார். அன்றுமுதல் சுகுணா தினமும் சித்தூரிலிருந்து யாரையாவது பிடித்து ரசம் கொடுத்தனுப்பினாள். அவளுக்கும் ஹரிணிக்கும் இரண்டு நாள் தலைவலியோடு விட்டிருந்தது. அவளிடம் நான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். கேட்டுவிட்டு, "அண்ணிகிட்ட யாரு சொல்லுவா?" என்று மட்டும் கேட்டாள்.

பதினேழாம் நாள் அனுப்பினார்கள். கிணற்றடியிலிருந்து தோப்பு வாசல் வரை நடக்க இப்போதும் அவர் இரண்டு இடத்தில் உட்காருகிறார். அந்த வருடம் காய் பறிப்பை ஆள் வைத்துத்தான் முடித்தார்கள்.

அவர் எழுந்து நடமாடியதும் அண்ணி எங்கள் சாமி கங்கம்மாவுக்குப் பொங்கல் வைத்தார். இரண்டு வீட்டுச் சொந்தமும் வந்திருந்தது. படையல் முடிந்ததும் அண்ணி என்னைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் புதுத் துண்டு ஒன்றைத் தோளில் போட்டார். "இவரு இல்லன்னா இன்னிக்கு எனக்குப் பொட்டு இல்ல" என்றார். கண்ணில் தண்ணீர்.

என்னால் முடியவில்லை. துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு சொல்லிவிட்டேன். காய்ச்சல் என்னுடையது, குச்சி விட்ட மூக்கு அண்ணனுடையது, டீ, ரிப்போர்ட், தீவில் வாசனை போனது, நீங்கள் போன் செய்தபோது தெரிந்தே மறைத்தது, எல்லாவற்றையும். பொங்கல் பானை பக்கத்தில் ஈ மொய்த்தது, யாரும் விரட்டவில்லை.

முதலில் பேசியது அண்ணன்தான். "ஏண்டா சொன்ன? நான்தான் சொல்லாம வெச்சிருந்தேனே. பைக்குல வரும்போதே எனக்குத் தெரியும்டா, அது சைனஸு இருமலா? ரெண்டு வூடும் ஒண்ணா இருக்கட்டும்னு பாத்தேன்." அவ்வளவு பேசியதற்கே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார்.

அண்ணி அவர் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். கத்தவில்லை, சாபம் விடவில்லை. கொஞ்சம் கழித்து என் பக்கம் திரும்பினார்.

"செவ்வாக்கெழம நான் போன் பண்ணேன். புதன்கெழம சாயந்தரம் நீங்க பண்ணீங்க. நடுவுல எங்க போனீங்க?"

"படகுல போனோம் அண்ணி."

"இன்னா பாத்தீங்க?"

"மீனு. பவளப்பாறை. கலர் கலரா மீனு."

"நல்லா இருந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். "நல்லா இருந்துச்சு அண்ணி" என்றேன்.

தலையை ஆட்டினார். பிறகு இலை போட உள்ளே போனார். எனக்கும் ஒரு இலை போட்டார்.